மதியச் சோற்றுக்கு யார் வருவார்

செலின் பாப்பாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் போன வாரம் வியாழக்கிழமை வந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படித்துக் காட்டினாள். பாதி படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். மீதியை மறுநாள்தான் படித்தாள். பதில் எழுத உட்காரவே எங்களுக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம்.

மதியம் எனக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். அதை நினைத்து மதியம் உனக்குச் சோறு இறங்கவில்லை என்றும், மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுவதாகவும் எழுதியிருக்கிறாய். இரவில் செபம் சொல்ல வாய் வரவில்லை, உன்னைக் கொண்டுவந்து இவ்வளவு தூரத்தில் போட்ட சாமியிடம் என்ன கேட்பது என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில், அடுத்த மாதம் வருகிறேன், வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் அம்மாவை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். நீ வருகிறாய் என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, பாப்பா. அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நீ வரக்கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சரியாகச் சொல்ல வருமா என்பது தெரியாது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ போன பிறகு எதிர்வீட்டுப் பொன்னம்மா வந்து ஊட்டுவதாக ஏற்பாடு. அவள் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. பருத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று போனவள், காடு தூரம், திரும்ப முடியவில்லை. அம்மா காலையில் தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பசி தாங்கவில்லை. மூடியைத் தாடையால் தள்ளிவிட்டு, முட்டிபோட்டு, குனிந்து வாயால் சாப்பிடப் பார்த்தேன். தட்டு நகர்ந்து சுவரோரம் போயிற்று. பின்னாலேயே நானும் முட்டியால் நகர்ந்து போனேன். பாதி சோறு தரையில் கொட்டிவிட்டது. முகமெல்லாம் ரசம். ஈ வந்து உட்கார்ந்தது, ஓட்ட வழியில்லை. அம்மா வருகிறவரை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அன்று கடவுள் எங்கே இருந்தார் என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். எழுது என்றேன். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று பொய் எழுதினால், அதற்குப் பிறகு நான் சாமியைப் பற்றிச் சொல்லும் எதையும் நீ நம்பமாட்டாய்.

எனக்கு அடிபட்டபோது உனக்கு ஆறு வயதிருக்கும். ஊரெல்லாம் கிணற்றுக்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்த காலம். எனக்கு ஓயாத வேலை. சைக்கிளில் ஒயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் நான் போகாத காடு கிடையாது. அன்று அரும்பாவூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் வேலை. மழை பெய்து கரண்ட் போயிருந்தது. போன கரண்ட் அவ்வளவு சீக்கிரம் வராது என்றுதான் அங்கே இருந்த எல்லோரும் நினைத்தோம். இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்திருந்த நேரத்தில் வந்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. பிறகு எனக்கு நினைவு தெரிந்தது திருச்சி பெரியாஸ்பத்திரியில். வலது கை தோளோடு போயிருந்தது. இடது கை முழங்கைக்கு மேலே போயிருந்தது. அதை எனக்குச் சொல்ல எல்லோரும் பயந்தார்கள். எனக்கோ முதலில் மூக்குதான் அரித்தது. சொறிய நினைத்தேன், ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது. லூர்து, மூக்கைச் சொறிஞ்சி வுடு என்றேன். உன் அம்மா சொறிந்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குச் செபம் சொல்ல வரவில்லை. நம் கோயில் பங்குச் சாமியார் பஸ் பிடித்து வந்து பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. கட்டிலருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உன் அம்மாவிடம், அவர் செபம் சொல்லாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள், அவர் காதில் விழட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நீ இப்போது எழுதியிருப்பதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. வாய் வராத நாட்கள் எனக்கும் இருந்தன. அதற்காக உன்னைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நடந்தது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. வழக்கம்போல மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி அம்மா செபமாலைக்கு உட்கார்ந்தாள். என்னையும் பாயில் உட்காரவைத்தாள். ‘பிதா, சுதன்’ என்று சிலுவை போட்டு ஆரம்பித்ததும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய முடியும். நீ அம்மாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். எழுந்து வந்து உன் குட்டிக் கையால் என் நெற்றியைத் தொட்டாய், நெஞ்சைத் தொட்டாய், இடது தோளைத் தொட்டாய். வலப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாய்.

“அம்மா, கை இல்லாத தோள்லயும் போடணுமா?” என்று கேட்டாய்.

நான்தான், “போடு பாப்பா” என்றேன்.

புண் ஆறியும் ஆறாமலும் இருந்த இடம். நீ பயந்து பயந்து விரல் நுனியால் தொட்டாய். அதுதான் அடிபட்ட பிறகு நான் முதன்முதலாகச் சொன்ன செபம். நான் சொன்னது என்றுகூடச் சொல்ல முடியாது. நீ என்மேல் எழுதியது. அன்றிலிருந்து நீ ரயிலேறிய நாள் வரைக்கும், இந்த வீட்டில் செபம் ஆரம்பிக்கும்போது என்மேல் சிலுவை போட்டது நீதான்.

இதனால் என் மனசு திரும்பிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அப்படி ஆகவில்லை. இனி சொல்லப்போவதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும்தான். அரியலூர் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்ற வந்தபோது நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை மேல் ஏதும் கோபமா என்று கேட்டிருந்தாய். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்தத் தண்டவாளத்தைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போயிற்று.

நீ மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தாய். அம்மா அப்போது கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், சத்துணவு வேலையெல்லாம் பின்னால் வந்தது. காலையில் எனக்குப் பல் விளக்கி, கழுவி, உடுத்தி, ஊட்டிவிட்டு அவள் களை எடுக்க ஓடுவாள். நீ மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து எனக்கு ஊட்டிவிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்ப ஓடுவாய். ஒருநாள் அப்படி ஓடும்போது வாசலில் தடுக்கி விழுந்து உனக்கு முட்டியில் ரத்தம். என்னால் உன்னைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் குனிந்து நின்று, எழுந்திரு எழுந்திரு என்று சொன்னேன். நீயே எழுந்து, ஒன்னுமில்லப்பா என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினாய். மறுநாள் காலையில் நீங்கள் இருவரும் போன பிறகு நான் கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். சட்டைப் பையிலிருந்த சில்லறையைக் கண்டக்டரே எடுத்துக்கொண்டார். பெரம்பலூரில் ரயில் கிடையாது, பாப்பா. அதற்காகத்தான் அரியலூர் போனேன். இதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது நல்ல வெயில். ஸ்டேஷனுக்கு வழி தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். ஒரு டீக்கடைக்காரர் என்னை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போலிருக்கிறது. நான் கேட்காமலேயே ஒரு கிளாஸ் டீயை ஊதி ஆற்றிக்கொண்டு வந்து, “குடிங்கண்ணே” என்று வாயருகில் பிடித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை. குடித்தேன். தன் தோள் துண்டால் என் வாயைத் துடைத்துவிட்டு, எங்கே போகணும் என்று கேட்டார். எதிரே ஒரு பஸ் நின்றது. அதன் போர்டில் இருந்த பெயரைப் படித்து, ரெட்டிபாளையம் என்று சொல்லிவைத்தேன். ஆள் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, கண்டக்டரிடம், “பாத்து எறக்கிவுடுங்க, கை இல்லாதவரு” என்று சொல்லிவிட்டு இறங்கினார். எனக்குத் தடுக்கக் கை இல்லை. சண்டை போட்டு இறங்க மனசிலும் தெம்பில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

ரெட்டிபாளையத்தில் எனக்கு யாரைத் தெரியும்? சிமெண்ட் ஆலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வேப்பமரத்தடியில் புழுதியில் உட்கார்ந்தேன். சாகவும் வகையில்லாமல், பிழைக்கவும் வகையில்லாமல், பெயர் படித்த ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேனே என்று அழுதேன். அழுத கண்ணைத் துடைக்கவும் முடியாது. அதே பஸ் திரும்பி வந்தபோது அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள், பார்த்தீர்களா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “வாங்க, வூட்டுக்குப் போவலாம். பெரம்பலூர் வண்டில நானே ஏத்திவுடுறேன்” என்றார். நான் பெரம்பலூர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். டீக்கடைக்காரர் நான் இறங்கிய பஸ்ஸைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் இருக்கும். இதை அற்புதம் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது நீ வாசற்படியில் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாய். மதியம் வந்து பார்த்திருக்கிறாய், நான் இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. “எங்கப்பா போனீங்க?” என்றாய். சும்மா ஒரு வேலையாகப் போனேன் என்றேன். நீ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவிவிட்டு, மூடி வைத்திருந்த மதியச் சோற்றை எடுத்து எனக்கு ஊட்டினாய். நீயும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்குத் தெரியும்” என்றாள். எப்படி என்று கேட்டேன். “அன்னைக்கு வேட்டியெல்லாம் சிமெண்ட் தூசி. தொவைச்சது நான்தான? கேட்டா திரும்பப் போயிடுவீங்களோன்னு பயந்து கேக்கல” என்றாள். மறுநாளிலிருந்து கொஞ்ச காலம் தன்னோடு என்னையும் களை வெட்டும் காட்டுக்கு அழைத்துப்போய் வரப்பு மரத்தடியில் உட்காரவைத்தாளே, அதற்குக் காரணம் எனக்கு இன்றுதான் புரிகிறது. இத்தனை வருஷமும் அவள் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். சரி, சொல்லுங்க என்று மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டாள். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ வளர்ந்தாய். உனக்கு வரன் வந்தது. வரதராஜன்பேட்டையிலிருந்து ஒன்று வந்தது, நம் சொந்தத்திலேயே ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிவிட்டாய். காரணம் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா திட்டினாள், சாமியார் சொன்னார், நீ அசையவில்லை. கடைசியில் இந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் உன்னிடம் கேட்டேன். எனக்காக நீ நின்றுவிட்டால் எனக்கு ஒரு கவளமும் இறங்காமல் போகும் என்றேன். நீ அழுதுகொண்டே சரி என்றாய். இப்போது நீ அங்கே சாப்பிடாமல் இருக்கிறாய். நான் என்ன செய்ய, பாப்பா? அங்கே வந்து உன் தட்டுக்கு முன்னால் உட்காரவும் முடியாது. இங்கிருந்து கை நீட்டவும் முடியாது.

உன் கல்யாணத்தன்று கோயிலில் எல்லாத் தகப்பன்களும் செய்வதுபோல உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. என் நெற்றியை உன் நெற்றிமேல் வைத்தேன். ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமாக இல்லை. அப்போது மனசுக்குள் சொன்னேன், ஆண்டவரே, என்னால் இவ்வளவுதான் முடியும், மிச்சத்தை நீர் பார்த்துக்கொள்ளும் என்று. அதற்குமேல் எனக்கு வேறு செபம் தெரியவில்லை. இன்றைக்கும் அதேதான்.

சாமியார் பிரசங்கத்தில் கடவுள் பிரமாணிக்கமுள்ளவர் என்று அடிக்கடி சொல்வார். சொன்ன சொல் தவறாதவர் என்று அர்த்தம். எனக்கு அந்த வார்த்தையில் நெடுநாள் சண்டை இருந்தது. எனக்கு அவர் கைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நோவை எடுக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை யாரையும் அனுப்பவில்லை. ஆனால் அடிபட்ட நாளிலிருந்து இன்றுவரை நான் உயிரோடு இருக்கிறேன் என்றால், ஒரு நாளில் ஒருவேளையாவது யாரோ ஒருவர் என் வாயில் சோறு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒருநாள்கூட நானாகச் சாப்பிட்டதில்லை. இதைத்தான் அவர் பிரமாணிக்கம் என்கிறாரோ என்னவோ. இதைவிடப் பெரிதாக ஒன்றைக் காட்டு என்று நீ கேட்டால் என்னிடம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

உனக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மாப்பிள்ளை நல்லவர். உனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து அவர் கஞ்சி வைத்துக் கொடுத்தால், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்திருக்காதே. வாங்கிக் குடி. நீ சின்ன வயதிலிருந்தே ஊட்டிப் பழகியவள், உனக்கு அது கஷ்டமாக இருக்கும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சாயங்காலம் செபம் சொல்ல உனக்கு வாய் வராவிட்டால் அவரைச் சொல்லச் சொல், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவருக்கும் வராத நாளில் நீ சொல். இருவருக்குமே வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். நாங்கள் இங்கே உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பொன்னம்மா அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள்மேல் என்ன தப்பு, ஒருநாள் கூலி போனால் அவள் வீட்டில் அடுப்பெரியாது. மறுநாளிலிருந்து காட்டுக்குப் போகுமுன்பே வந்து ஊட்டிவிட்டுப் போகிறாள். “வெள்ளனதான் இருக்கு, என்னண்ணே பண்றது, பசிக்கலன்னாலும் ரெண்டு வாய் வாங்கிக்குங்க” என்கிறாள். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கும் மகள் வீட்டில் பிரசவம் வருகிறது. திங்கட்கிழமை கிளம்புகிறாள், எப்போது திரும்புவாள் என்று தெரியாது. அம்மாவால் வேலையை விட முடியாது. கோயிலில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறோம், இரண்டொரு வீட்டில் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றார்கள்.

இன்று சனிக்கிழமை. நாளை பூசைக்கு அம்மாவோடு போவேன், நாளைக்கு மதியம் அவளே ஊட்டுவாள். திங்கட்கிழமை மதியத்துக்கு யார் வருவார் என்று இதை எழுதி முடிக்கும்வரை தெரியவில்லை.

நீ வராதே, பாப்பா. சாப்பிடு.

அப்பா